தடா நாட்குறிப்பு: மார்கழி, தை

டிசம்பர் 22, 2024, ஞாயிறு

பழவேற்காடு ஏரியில் தண்ணீர் இன்னும் இறங்கவில்லை. புயல் போன பிறகும் விடாமல் பெய்த மழை ஸ்ரீஹரிகோட்டா ரோட்டின் இரண்டு பக்கமும் கடல் மாதிரி நிற்கிறது. பூநாரைக்குக் கவலை இல்லை, கால் நீளம். உள்ளான்களுக்குத்தான் கஷ்டம், அவற்றுக்கு விரற்கடை ஆழம் போதும். தை பிறந்தால் வடியும் என்றான் வண்டி ஓட்டுகிற பையன். அவனுக்கு எல்லாமே தை பிறந்தால்தான்.

டிசம்பர் 24

கண் டாக்டர் கொடுத்த கட்டம் போட்ட தாளை வலது கண்ணால் பார்த்தேன். நடுவில் மூன்று கோடு வளைகிறது. நேற்றும் மூன்றுதான்.

டிசம்பர் 27, வெள்ளி

அட்டகானிதிப்பாவைத் தாண்டிக் கொஞ்ச தூரம், வடக்குப் பக்கம் ஒரு திட்டு தலைகாட்டியிருக்கிறது. அதில் பட்டைவால் மூக்கன்கள், நீள அலகுக் கரைப்பறவைகள், நாற்பது இருக்கும். நடுவில் ஒன்று மட்டும் சரியாக இல்லை.

முதலில் கண்ணில் பட்டது நடைதான். மூக்கன் நாலு எட்டு நடக்கும், குத்தும், தலையைத் திருப்பும், அடுத்த இடத்துக்குப் போகும். இது நகரவே இல்லை. நின்ற இடத்திலேயே அலகைச் செங்குத்தாக இறக்கி ஏற்றுகிறது, அம்மா கால் மிஷினில் ஓரம் அடித்த மாதிரி. உடம்பும் மற்றவற்றைவிட ஒரு சுற்று சின்னது. கால் கறுப்பு.

ஏஷியன் டவிச்சரா? பெயரை எழுதவே கை கூசுகிறது. சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் முட்டையிடுகிற பறவை, உலகத்திலேயே கொஞ்சம்தான் இருக்கிறது. தமிழில் அதற்கு ஒரு பெயர் நான் கேட்டதே இல்லை. மூக்கனின் அலகு அடியில் ரோஜா நிறம், நுனியில் கறுப்பு, லேசாக மேலே வளைந்திருக்கும். டவிச்சருக்கு முழுக் கறுப்பு, நேர் அலகு, நுனி மட்டும் கொஞ்சம் தடித்திருக்கும். பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: நிறம், வளைவு.

வலது கண்ணில் வளைந்துதான் தெரிந்தது. அதில் எதுதான் வளையவில்லை, கரண்டுக் கம்பமே வளைகிறது.

இடது கண்ணுக்கு மாற்றினேன். இருபது வருஷமாக ஸ்கோப்பில், அந்த ஒற்றைக் குழல் தொலைநோக்கியில், வலது கண்ணையே வைத்துப் பழகியவளுக்கு அது இடது கையால் கோலம் போடுகிற மாதிரி. அலகு நேராக இருந்தது. நேரேதான். ஆனால் அந்தக் கண்ணில் புரை. உலகமே டீத்தண்ணி நிறம். அடிப்பக்கம் ரோஜாவா கறுப்பா என்று அதனிடம் கேட்டு என்ன பிரயோஜனம்?

ஒரு கண் நிறம் சொல்லும், ஒரு கண் கோடு சொல்லும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் ஒன்றை ஒன்று கெடுக்கிறது.

“எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு பெரியம்மா, இதுல எது உங்க ஆளு?” என்றான். அதற்குள் ஒரு பூனைப்பருந்து வந்து மொத்தத்தையும் கிளப்பிவிட்டது.

டிசம்பர் 30, திங்கள்

இரவு பத்து மணிக்கு ராக்கெட். மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம். இரண்டு செயற்கைக்கோள் மேலே போய் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளுமாம். நல்லது. என் இரண்டு கண்ணையும் யாராவது அப்படி ஒட்டிவிட்டால் தேவலை.

ஜனவரி 1, 2025

அலகு கறுப்புதான் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 5, ஞாயிறு

நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. 1987இலிருந்து ஆசியா முழுக்க ஜனவரியில் நடப்பது. எனக்கு வழக்கமான துண்டு ரோடு. கூட்டம் பெரிதாக இருந்தால் ஒவ்வொன்றாக எண்ணக் கூடாது, பத்தை எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்குள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து அதைக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். ஊசிவால் வாத்துக்கு இது சரிப்படும். எனக்கு இந்த வருஷம் பத்தில் நடு இரண்டு அழிந்து போகிறது. எட்டு என்று எண்ணிப் பத்து என்று எழுதினேனா, பத்து என்றே எண்ணினேனா, வீட்டுக்கு வந்த பிறகு நினைவில்லை. அதனால் பாதித் துண்டைப் பையனிடம் கொடுத்துவிட்டேன். அவனுக்கு வாத்துக்கும் நீர்க்காகத்துக்கும் வித்தியாசம் தெரியும், அது போதும்.

தாளில் எழுதியது: பட்டைவால் மூக்கன் 41. அடியில், அடையாளம் தெரியாதது 1.

வாங்கியவர் அந்த ஒன்றைப் பார்த்துச் சிரித்தார். போட்டோ இருக்கா மேடம்? இருக்கிறது. ஸ்கோப்பில் போனை வைத்து எடுத்தது. சாம்பல் நிறத்தில் ஒரு இட்லி.

ஜனவரி 9

வலது கண்ணுக்கு ஊசி. லோக்கலில் சென்னை போய் லோக்கலிலேயே திரும்பினேன். காலை ஏழு மணிக்கு வரச்சொல்லிப் பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். நர்ஸ் சொட்டு மருந்தை முதலில் இடது கண்ணில் விட்டுவிட்டாள். ‘அம்மா நீங்க சொல்ல வேணாமா?’ என்று என்னையே கேட்கிறாள்! ஒரு வாரம் தலைக்குத் தண்ணீர் கூடாது, தூசி கூடாது, புகை கூடாது.

ஏரிக்கரையில் காற்று மட்டும்தான், தூசி எங்கே இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஜனவரி 13, போகி

புகை. நாள் முழுக்க ஜன்னலைத் திறக்கவில்லை.

ஜனவரி 14

பொங்கல் பொங்கியது. தண்ணீர் வடிந்துகொண்டு இருக்குமே.

ஜனவரி 19, ஞாயிறு

சூலூர்பேட்டையில் பக்ஷுல பண்டுகா, பறவைத் திருவிழா. பஸ் பஸ்ஸாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மைக் சத்தத்துக்குப் பூநாரைகள் அரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி நின்றன. ஒரு சின்னப் பெண் என் ஸ்கோப்பில் பார்த்துவிட்டு, படத்தில் இருக்கிற ரோஜா நிறம் எங்கே என்று தெலுங்கில் கேட்டாள். குஞ்சுகள் அழுக்குச் சாம்பல், தின்கிற பாசியும் இறாலும்தான் வருஷக்கணக்கில் நிறம் ஏற்றும் என்றேன். அப்ப நான் தின்னா? என்றாள். கேரட் தின்று பார் என்றேன். அதுவும் அதே வகைச் சாயம்தானே.

போகும்போது, “பாட்டி, மூணாவது பறவையோட மூக்கு அடியில ரோஸா இருக்கு” என்றாள், இந்தத் தடவை தமிழில். அவள் பார்த்தது பூநாரையை. பூநாரைக்கு ரோஸாகத்தான் இருக்கும். இருந்தாலும் எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் திட்டைக் காட்டியிருக்கலாம். அதற்குள் டீச்சர் விசில் ஊதிவிட்டார்.

ஜனவரி 22

தூக்கம் இல்லை.

2022இல் ஒரு பட்டைவால் மூக்கன், பிறந்து அஞ்சு மாசம், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்குப் பறந்தது. 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கும் இறங்கவில்லை. முதுகில் கட்டியிருந்த கருவி சொன்ன கணக்கு. கிளம்புவதற்கு முன்னால் இந்தப் பறவைகள் உடம்பைக் கொழுப்பால் நிரப்பிக்கொள்ளும், இரைப்பை, குடல் எல்லாம் சுருங்கிவிடும். வழியில் சாப்பிடப் போவதில்லை, பிறகு அந்தச் சுமை எதற்கு? போய்ச் சேர்ந்ததும் திரும்ப வளர்த்துக்கொள்ளும்.

திரும்ப வளர்கிறது என்பதைத்தான் நான்கு தடவை படித்தேன்.

அக்கா கேட்கிறாள், அது என்ன பறவை என்று தெரியாவிட்டால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது அக்கா.

ஜனவரி 25

இரண்டு கோடு. இரண்டரை.

ஜனவரி 29, தை அமாவாசை

காலை 6:23க்கு ராக்கெட், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நூறாவதாம். இருட்டு முழுசாக விலகவில்லை. முதலில் கிழக்கு முழுக்க ஆரஞ்சு வெளிச்சம், சத்தம் வர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அக்கா எள்ளும் தண்ணீருமாக நின்றபடியே அண்ணாந்து பார்த்தாள்.

அந்தத் திட்டில் இருந்ததெல்லாம் இந்நேரம் எங்கே பறந்ததோ.

பிப்ரவரி 2, ஞாயிறு

பாதி ஏரி சேறாகிவிட்டது. ரோட்டோரம் டீ போடுகிறவர் தூரத்திலிருந்தே, “தொரிகிந்தா அம்மா?”, கிடைத்ததா என்கிறார். என்ன தேடுகிறேன் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை.

இருக்கிறது. அதே திட்டு, ரோட்டுக்கு இன்னும் பக்கத்தில், நாற்பது மீட்டர்கூட இருக்காது. வெயில் முதுகுப் பக்கம். காற்று இல்லை. இதைவிட நல்ல வெளிச்சம் இனிமேல் கிடைக்காது.

ஒற்றைக் காலில் நின்று தூங்குகிறது. அலகை முழுசாக முதுகு இறகுக்குள் செருகியிருக்கிறது.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பையன் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டான். அணைக்கச் சொன்னேன். இன்னும் பத்து நிமிஷம்டா