இருபது வரி டைக்ஸ்ட்ரா

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட குறுகிய பாதை அல்காரிதத்தை, அதாவது இணைப்புகளால் ஆன வலையில் ஒரு புள்ளியிலிருந்து மற்றவற்றுக்கான மிகக் குறுகிய வழியைக் கண்டறியும் முறையை, பைத்தான் நிரல்மொழியில் இருபது வரிக்குள் எழுதிவிடலாம். ஆனால் அதில் கவனம் கோரும் இடம் ஒன்று உண்டு. மிகச் சிறிய மதிப்பை முதலில் எடுத்துத் தருவதற்காகப் பைத்தானுடன் வரும் ஹீப்க்யூ நூலகத்தில், ஏற்கெனவே உள்ளே இட்ட ஒரு கணுவின் (வலையில் உள்ள ஒரு புள்ளியின்) தொலைவைக் குறைத்துத் திருத்தும் வசதி இல்லாததால், அதே கணுவைப் புதிய தொலைவுடன் மீண்டும் தள்ளிவிட்டு, பழைய பதிவு பின்னர் வெளியே வரும்போது அதன் தொலைவு நாம் குறித்து வைத்திருப்பதைவிடப் பெரிதாக இருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிட வேண்டும். இந்த ஒற்றை 'இஃப்' வரியை விட்டுவிட்டாலும் விடை சரியாகவே வரும் என்பதுதான் சிக்கல். வேகம் மட்டுமே அடிவாங்கும் என்பதால் ஐந்தாறு கணுக்களைக் கொண்ட சோதனையில் குறை தலைகாட்டாது. எதிர்மறை எடையுள்ள இணைப்புகள் இருந்தால், மெதுவானது என்றாலும் பெல்மன்-ஃபோர்டு அல்காரிதத்தையே நாடுவது நல்லது.

பார்சிங்கிலும், அதாவது உரையைப் பகுத்துப் படிப்பதிலும், இதே கதைதான். மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி கோப்பின் வரியைக் காற்புள்ளியில் 'ஸ்ப்ளிட்' செய்யும் துணுக்கு, "சிவப்பு, நீலம்" என்று மேற்கோள்குறிக்குள் ஒரு மதிப்பு வந்தவுடன் அதை இரண்டு நெடுவரிசைகளாக உடைத்துவிடும். மேற்கோளுக்குள் வரிமுறிவும் வரலாம் என்பதால், வரிவரியாகப் படிப்பதே அங்கே பிழையாகிவிடுகிறது. மொழியுடனேயே வரும் சிஎஸ்வி நூலகம் இவ்விரண்டையும் கையாளும்போது சொந்தமாக எழுதுவதை வீண்வேலை என்றே கருதுகிறேன்.