மிளகாய் இலை எந்தப் பக்கம் மடிகிறது?

மிளகாயில் இலை சுருண்டாலே ‘சுருட்டை வந்துடுச்சு’ என்று ஒரே பெயரில் முடித்துவிட்டு, கடையில் கொடுக்கிற மருந்தை அப்படியே அடித்துவிடுகிறார்கள். முதலில் இலையைப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கி மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த படகு மாதிரி ஆகி, காம்பும் நீண்டிருந்தால் அது மஞ்சள் முரணைச் சிலந்தி என்கிற மிகச் சிறிய உயிரியின் வேலை. ஒரே செடியில் இரண்டும் இருப்பதும் உண்டு, அப்போது குழப்பம்தான்.

இந்த முரணைச் சிலந்தி 0.2 மி.மீ. அளவுதான் என்பதால் வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கிக் கொழுந்திலையின் அடியில் பாருங்கள், வெள்ளைப் புள்ளிகள் வைத்த முட்டைகள் தெரியும். வெப்பமான நாட்களில் ஒரு வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். அப்புறம், வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு அடுத்த செடிக்குச் சவாரி போகிற ஆள் இது, அதனால் வெள்ளை ஈயையும் விட்டுவைக்கக் கூடாது.

எட்டுக்கால் உயிரி என்பதால் சாதாரணப் பூச்சிமருந்து பலவும் இதற்கு எடுபடாது. அதிலும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்தால் இதைத் தின்னும் நல்ல சிலந்திகள்தான் சாகும், முரணை பெருகிவிடும்! ஆரம்பத்தில் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) போதும், ஆனால் கொளுத்தும் வெயிலில் அடித்தால் இலை கருகும், வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். முற்றிவிட்டால் ஸ்பைரோமெசிஃபென் 22.9 சதவீத மருந்து, ஹெக்டேருக்கு 400 மி.லி. எதை அடித்தாலும் இலையின் அடிப்பக்கம் நனையணும். ஸ்பைரோமெசிஃபென் அடித்த பிறகு 7 நாள் பறிக்க வேண்டாம்.