லேட்டா போயிருப்பாங்க

"லேட்டா போயிருப்பாங்க, கண்ணு."

நான் சொன்னது இவ்வளவுதான். சொல்லி எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டாள். அழவில்லை. கூட வந்த டீச்சர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது. இதில் என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்டாள். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் பாம்புக் கூடம் என் பொறுப்பு. மலையாளப் பள்ளிகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். கேள்விகள் மாறுவதே இல்லை. பால் குடிக்குமா, பழி வாங்குமா, சாரைதான் நல்ல பாம்புக்கு ஆணா. சாரையிலேயே ஆணும் பெண்ணும் உண்டு என்றால் பிள்ளைகளைவிட டீச்சர்களுக்குத்தான் ஏமாற்றம். அப்புறம் நாலு கண்ணாடிப் பெட்டிகள்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பலகையில் மூர்க்கன், வெள்ளிக்கெட்டன், அணலி என்று மலையாளத்தில் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பெயரும் தெரியும். கடைசிப் பெட்டி முன்னால் நின்று என் வாக்கியத்தைச் சொல்லி முடிப்பேன்: "கடிச்சா பயப்படக் கூடாது, மந்திரிக்கப் போகக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா பிழைச்சுக்கலாம்."

அன்றைக்கும் சொன்னேன். முன்னால் நின்ற நாலாம் வகுப்புப் பிள்ளை, கையைக்கூடத் தூக்காமல், "எங்கப்பா உடனேதானுங்க சார் போனாரு" என்றாள்.

பதில் எனக்கு யோசிக்காமலே வந்தது. அதுதான் உறுத்துகிறது. யோசித்துச் சொல்லியிருந்தால் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒத்துக்கொண்டு மறந்திருப்பேன். பால் குடிக்காது என்று எந்த வேகத்தில் சொல்வேனோ அதே வேகத்தில் இதையும் சொல்லியிருக்கிறேன்.

என் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2000 முதல் 2019 வரை இந்த நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் செத்திருக்கிறார்கள் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அதில் நிறையப் பேர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்கள். கயிற்றை இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, விஷக்கல் வைப்பது, மிளகாயைத் தின்னக் கொடுத்து உறைக்கிறதா என்று பார்ப்பது. எல்லாம் இந்தப் பக்கத்தில் கேட்ட கதைகள்தான். எதிரில் முப்பது பிள்ளைகள். அவர்கள் மனதில் ஒரே ஒரு வாக்கியம் தங்கினால் போதும் என்று நினைத்தேன். அந்த வாக்கியத்தில் நானே ஓட்டை போட முடியுமா?

ஆனால் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியுமே. பெரியவர்கள் வந்தால் நானே விவரமாகச் சொல்வேன். நம் ஊர் விஷமுறிவு மருந்து அந்த நாலு பாம்புக்கும் சேர்த்துச் செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத் தோட்டங்களில் சருகோடு சருகாகக் கிடக்கும் மூக்குத் தூக்கிய குழிவிரியனின் விஷத்துக்கு அது கேட்காது. மருந்துக்கான விஷம் பெரும்பாலும் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. ஒரே இனப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறும், மருந்து கேட்பதும் மாறும். கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும், வலியே இருக்காது. வயிற்று வலி என்று எழுந்து, இமை சொருகி, கடிதான் என்று புரியும்போது 'உடனே' என்பது எப்போதோ கடந்து போயிருக்கும். விஷம் நரம்பு முனைகளில் இறங்கிவிட்டால் மருந்து அதைத் திரும்ப இழுக்காது. மூச்சுக்கு மெஷின் வேண்டும். கண்ணாடி விரியன் கடித்து, நேரத்தோடு மருந்து ஏறியும் சிறுநீரகம் போனவர்கள் உண்டு.

ஆக, தெரியாமல் சொன்னேன் என்றும் தப்பிக்க முடியாது.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. ராத்திரி தண்ணீர் கட்டப் போன இடமா, திண்ணையில் படுத்திருந்த இடமா? கடித்தது எது? பாலக்காட்டுக்குப் போவதா கோயம்புத்தூருக்குப் போவதா என்று ஆட்டோவில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய ஊர்கள் அவை. யார் யோசித்தார்கள், எவ்வளவு நேரம்? ஆட்டோ பிடித்தது அவள் அம்மாவாக இருந்தால், 'லேட்டா போயிருப்பாங்க' என்பதை அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் என்னவாகச் சொல்லியிருப்பாள்? சொல்லியிருக்கவே மாட்டாள் என்று நினைத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் பஸ்ஸில் ஏறியதும் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். இப்படி நினைப்பதும் எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று பிறகுதான் உறைத்தது. மற்றப் பிள்ளைகள் நாகம் படமெடுக்குமா என்று அங்கேயே மொய்த்துக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் ஒவ்வொரு பெட்டி முன்னாலும் குனிந்து பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். நல்ல படிப்பாளி என்று நான் டீச்சரிடம் பாராட்டக்கூடச் செய்தேன்.

பாம்புகளுக்கு எலி போடும் சேட்டனிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். இருபது வருஷமாக அந்தப் பெட்டிகளைத் துடைக்கிறவர். முழுக்கக் கேட்டார். "விட்டேக்கு, சாரே" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து வந்த குழுவுக்கு வாக்கியத்தை மாற்றினேன். "உடனே போனா பெரும்பாலும் பிழைச்சுக்கலாம்." ஒரு பையன் மடக்கினான்: "அப்ப மிச்ச பேருக்கு மந்திரிச்சாத்தான் சரியாகுமுங்களா?" பின்வரிசையில் சிரிப்பு. அதற்குப் பதில் சொல்லி முடிக்க அன்று பத்து நிமிஷம் ஆயிற்று. அவனுக்குப் புரிந்த மாதிரித் தெரியவில்லை. அதற்கடுத்த வாரம் 'பெரும்பாலும்' போய்விட்டது. இப்போது பழையபடிதான் சொல்கிறேன்.

அந்தப் பள்ளி இந்த வருஷமும் பெயர் கொடுத்திருக்கிறது. பட்டியலைப் பார்த்ததும் மனதுக்குள் கணக்குப் போட்டேன்: அங்கே நாலாம் வகுப்பு வரைதான், அவள் இப்போது அஞ்சு, வேறு பள்ளிக்குப் போயிருப்பாள். சரி என்று என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.