பழைய பென்ஸ் எஸ்.எல். வாங்க நினைப்பவர்களுக்கு

1989–2001 காலத்து எஸ்.எல். மாடலான ஆர்129, கூரையைத் திறந்து மூடக்கூடிய வண்டி. அதில் முதலில் சன்வைசரைப் பாருங்கள். ஒயில் கறை இருந்தால், கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே கூரையைப் பூட்டும் ஹைட்ரோலிக் சிலிண்டரின் சீல் போய்விட்டது. புது சிலிண்டர் வாங்காதீர்கள், அதுதான் காசைத் தின்னும். கழற்றி சீலை மட்டும் மாற்றலாம். கூரையின் மற்ற சிலிண்டர்களுக்கும் அதே வயதுதான், எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்தால் கூலி மிச்சம். ஒயில் குறைந்த நிலையில் கூரையைத் திறந்து மூடினால் பம்பும் போகும்.

1990களின் முதற்பாதி வண்டியென்றால் என்ஜின் வயரிங்கின் உறை வெடித்திருக்கிறதா பாருங்கள். உதிர்ந்தால் முழு ஹார்னஸையும் (வயர்த் தொகுதியையும்) மாற்றியே ஆகவேண்டும். டேப் சுற்றி ஓட்டவே ஓட்டாதீர்கள், ஷார்ட் ஆகிவிடும்.

நுவரெலியா மழைக்கு, துணிக்கூரையை ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

பிரேக் ஒயிலை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரம் உறிஞ்சிய ஒயில் றம்பொடை இறக்கத்துச் சூட்டில் கொதித்தால் பெடல் அப்படியே உள்ளே போகும்.