மூணு கம்பி வராத ரோடு

எஸ்டிமேட்டின் கடைசி வரியில் இருந்த தொகைக்கு ஒரு புதுக் கார் வாங்கிவிடலாம், அதுவும் சின்னக் கார் இல்லை. நான் கேட்டது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய மாட்டுக் கொட்டகைக்கு, பட்டறை மிஷின் ஓட்ட, மும்முனைக் கரண்ட் தரும் ஒரு திரீபேஸ் கனெக்‌ஷன், அவ்வளவுதான். மின்சாரக் கம்பெனியிலிருந்து போனில் பேசிய பெண்மணி மரியாதையாகத்தான் கேட்டார், "வீட்டுக்கா? வீட்டுக்கு எதற்கு?" என்று. எங்கள் ரோட்டில் திரீபேஸ் லைனே கிடையாதாம். மூணு கிலோமீட்டர் தள்ளி மெயின் ரோட்டில்தான் போகிறதாம். அங்கிருந்து கம்பம் நட்டுக் கம்பி இழுத்து வரும் செலவு முழுக்க என் தலையில்.

கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் போய் "திரீபேஸ் எதற்கு" என்று கேட்டால் என்ன பதில் சொல்வான்? தெருவில் வீட்டு முன்பக்கம் லேத் என்கிற கடைசல் மிஷின் ஓடும், பின்பக்கம் குக்கர் விசில் அடிக்கும். அப்பாவின் பட்டறை பன்னிரண்டுக்கு இருபது அடி, அதில் ரெண்டு லேத், ஒரு ஷேப்பிங் மிஷின், ஒரு டிரில்லிங் மிஷின், நடுவில் ஆள் ஒருக்களித்து நடக்க வழி. வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் வருவதற்கு முன்பே எங்களிடம் மும்முனை கரண்ட் இருந்தது. அன்னூர்ப் பக்கம் அம்மாவின் அப்பாவான அப்புச்சியின் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்குக்கூட இருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் விடுவார்கள், அவர் டார்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு பாம்பு பார்த்துப் பார்த்து நடந்து போய் ஸ்டார்ட்டரை அமுக்குவார் என்பது வேறு கதை. ஆனாலும் வந்ததா இல்லையா? கம்பத்தில் கம்பி இருந்ததா இல்லையா? இங்கே கனடா, ஜி7 நாடு, குழாயில் வெந்நீர், பனி கொட்டினால் ரோட்டில் உப்புத் தூவிவிட்டுப் போகிறார்கள், மூணாவது கம்பி மட்டும் கிடையாது.

நாங்கள் இருப்பது ஒன்டாரியோவில் கிச்சனர் பக்கத்துக் கிராமம் ஒன்றில். இந்த வயிற்றெரிச்சலில் பக்கத்து ஊர் சரித்திரத்தை எல்லாம் படித்தேன். நயாகரா அருவியின் மின்சாரத்தைப் பொது வாரியம் வழியாக முதலில் கொண்டுவந்து விளக்கேற்றிய ஊர் இந்தக் கிச்சனர்தான், 1910 அக்டோபரில், அப்போது அதன் பெயர் பெர்லின். அதற்கப்புறம் இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் இன்னும் பெருகின. நீலகிரிப் பைக்காரா மின்சாரம் 1930களில் மலையிறங்கி வந்த பிறகு கோயமுத்தூரில் மில்லும் மோட்டாருமாகப் பெருகிய அதே கதை. நாம் 1937லேயே சொந்தமாக மோட்டார் செய்தோம் என்று ஜி.டி. நாயுடு பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளும் ஊரிலிருந்து கிளம்பி, அருவித் தண்ணீரில் வளர்ந்த இன்னொரு ஊருக்குத்தான் வந்திருக்கிறேன். வந்த இடத்தில் ரெண்டே ரெண்டு கம்பி. மேலே ஒன்று, கீழே நியூட்ரல்.

இப்போதெல்லாம் எங்கே காரில் போனாலும் என் கண் கம்பத்தின் உச்சியில்தான். இலையுதிர் காலத்தில் ஊரே மேப்பிள் மரத்தைப் போட்டோ எடுக்கும்போது நான் "அங்கே பாரு, மூணு கம்பி போகுது" என்பேன். "ஏனுங்க, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்பாள் மனைவி. ஒரு நண்பர் புது வீடு வாங்கினார், கிருஹப்பிரவேசத்துக்குப் போனவன் வாசலில் நின்று முதலில் கம்பத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் திரீபேஸ் போகுதுங்க, குடுத்து வெச்சவர்" என்றேன். அவர் ஏதோ வாஸ்து சொல்கிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

சரி, கொட்டகைக்கு வருகிறேன். உண்மையில் வீட்டை வாங்கியதே அதற்காகத்தான். சரிவான மண்மேட்டில் முதுகு சாய்த்துக் கட்டிய பழைய பார்ன். மேல்தளம் முழுக்க மர உத்தரம், வைக்கோல் ஏற்றி வைக்கும் இடம், வண்டி நேராக உள்ளே போக மண்ணாலேயே ஒரு சாய்தளம். கீழ்த்தளம் ரெண்டடி தடிமன் கல் சுவர், உள்ளே சுண்ணாம்பு அடித்தது. கறவை மாடு இருந்த இடம். முந்தைய சொந்தக்காரர் பால் விற்கும் உரிமையான கோட்டாவை விற்றதும் மாடுகளும் போய்விட்டன. நாற்பதுக்கு அறுபது அடி. அப்பாவிடம் அளவைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "அவ்வளவு எடத்தக் கூட்டறது யாரு?" என்றார். அம்மாவுக்கு இடத்தின் அளவெல்லாம் பொருட்டே இல்லை. "கனடா வரைக்கும் போயி கட்டுத்தறியிலயா கண்ணு உக்காந்திருக்கே?"

கட்டுத்தறியைப் பட்டறையாக்குவது சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாட்டின் கழுத்தைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் குழாய்ச் சட்டங்கள் காங்கிரீட்டில் புதைந்திருந்தன, எல்லாவற்றையும் கிரைண்டர் வைத்துத் தரையோடு அறுத்தோம். மாடு நிற்கும் இடத்துக்குப் பின்னால் நீளவாக்கில் சாணிக் கால்வாய், அதை ஜல்லி போட்டு மூடிக் காங்கிரீட் ஊற்றினோம். பழைய தளம் கனம் போதாது, லேத் நிற்கும் இடத்தில் மட்டும் உடைத்து ஆறு இஞ்ச் கனத்துக்குப் புதிதாகப் போட்டோம். கூரை தாழ்வு, நிமிர்ந்தால் உத்தரம் நெற்றியில் முட்டும். மழை நாளில் இன்றைக்கும் அந்த மூலையில் மாட்டு வாசம் வரும். எனக்குப் பிடித்திருக்கிறது, வெளியே சொல்வதில்லை.

அப்புறம் லேத். ஸ்டாண்டர்ட் மாடர்ன், டொராண்டோவில் செய்தது, டூல் அண்ட் டை கம்பெனி ஒன்றை மூடியபோது கிட்டத்தட்ட இரும்பு விலைக்குக் கிடைத்தது. ஏன் அந்த விலைக்குக் கிடைத்தது என்று தெரிந்தேதான் வாங்கினேன். மோட்டார் பிளேட்டில் 575 வோல்ட் என்று அடித்திருந்தது. கனடாவில் தொழிற்சாலைக்கு 600 வோல்ட் திரீபேஸ், அதற்கேற்ற மோட்டார். அமெரிக்க மோட்டார் என்றால் பெரும்பாலும் 230, 460 ரெண்டுக்கும் மாற்றிக்கொள்கிற மாதிரி ஒயரை வெளியே கொண்டுவந்திருப்பார்கள், இதில் அதுவும் இல்லை. வீட்டுக்கு வருவது 240, சிங்கிள் பேஸ். "ஒரு டிரைவ் வாங்கி மாட்டு, முடிஞ்சது" என்று சொல்லாத ஆள் இல்லை. டிரைவ் என்பது சிங்கிள் பேஸைத் திரீபேஸாக மாற்றும் பெட்டி, ஆனால் சாதாரண டிரைவில் 240 போனால் 240தான் வெளியே வரும், 575 மோட்டார் அதற்கு முக்கி முனகி நிற்கும், வேலை செய்யாது.

இதே மோட்டார் ஆவாரம்பாளையத்தில் இருந்தால் நான் இந்தப் பத்தியை எழுதியிருக்கவே மாட்டேன். காலையில் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய் காயில் கட்டும் கடையில் இறக்கினால், கடைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பழைய செம்புக் கம்பியை உருவுவார், சுற்று எண்ணுவார், கம்பி கேஜ் பார்ப்பார், "எத்தன வோல்ட்டு வேணும்?" என்பார். அவ்வளவுதான் பேச்சு. மத்தியானத்துக்கு மேல் புதுக் காயில் இறங்கி, சந்தன நிற வார்னிஷ் சொட்டச் சொட்ட வெயிலில் நிற்கும். அந்த வார்னிஷ் வாடை அடிக்கும் தெருவில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். இங்கே மோட்டார் ரீவைண்டிங் கடையைத் தேடிப் பிடித்துப் போனால், லேத்துக்குக் கொடுத்ததைவிட அதிகமாக ஒரு விலை சொல்லி, கூடவே "புதுசு வாங்கிடுங்களேன்" என்று அறிவுரை.

அப்பாவிடம் புலம்பினேன். "உங்கப்புச்சி என்ன பண்ணுவாரு? கண்டென்சரப் போட்டு ஓட்டு" என்றார். தோட்டத்தில் ரெண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் மூணாவது பேஸுக்குக் கண்டென்சரைக் கட்டி மோட்டாரை ஓட்டுவது நம் பக்கம் பாதிப்பேர் செய்வதுதான். ஈ.பி.காரர் வரும்போது கழற்றி வைக்கோல் போருக்குள் ஒளித்து வைப்பதும் அதில் சேர்த்தி. இங்கே அந்த வேலை ஆகாது. வீட்டில் புது லைன் இழுத்தாலே பெர்மிட் எடுக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், மாட்டும் சாமான் எதிலும் அங்கீகார முத்திரை இருக்க வேண்டும். அதனால் முத்திரை குத்திய ஒரு ரோட்டரி பேஸ் கன்வெர்ட்டரை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். பெட்டி வந்ததும் மூடியைத் திறந்து பார்த்தேன். வரிசையாகக் கண்டென்சர், ஒரு கான்டாக்டர் சுவிட்ச். பக்கத்தில் எந்த வேலையும் செய்யாமல் சும்மா சுற்றுவதற்கு ஒரு திரீபேஸ் மோட்டார். சிங்கிள் பேஸில் அந்த மோட்டாரைக் கண்டென்சர் தூக்கிவிடும், அது சுற்றும்போது மூணாவது பேஸ் அதிலிருந்தே பிறக்கும். அப்புச்சியின் வித்தைதான், பெயின்ட் அடித்து, முத்திரை குத்தி, உத்தரவாதச் சீட்டோடு. அதிலிருந்து வரும் 240ஐ ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர் 600 ஆக ஏற்றி லேத்துக்குக் கொடுக்கிறது.

வயரிங் செய்யும்போது என் கைக்கு ஒத்துவராத விஷயம் கருப்பு ஒயர். ஊரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூணு பேஸ், கருப்பு நியூட்ரல் என்று சின்ன வயதில் மண்டையில் ஏறிவிட்டது. இங்கே கருப்புத்தான் கரண்ட், வெள்ளை நியூட்ரல். அறிவுக்குத் தெரியும், டெஸ்டர் வைத்தும் பார்த்தாயிற்று, ஆனாலும் கருப்பு ஒயரைத் தொடப் போகும்போதெல்லாம் விரல் ஒரு நொடி நின்று யோசிக்கும். இன்ஸ்பெக்டர் வந்த அன்று பேனலை நிதானமாகப் பார்த்தார், தப்பு ஒன்றும் சொல்லவில்லை. மூடியில் நான் வைத்திருந்த குங்குமப் பொட்டைக் காட்டி, "இது பேஸ் அடையாளமா?" என்றார். இங்கே சிவப்பு முதல் பேஸ். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வருஷ ஆயுத பூஜை கொட்டகையில்தான். பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் இந்தியக் கடையில் கிடைத்தது. வெண்பூசணி மட்டும் அன்றைக்கென்று இல்லை. ஆனால் அக்டோபர் மாதம் இந்த ஊரில் பரங்கிக்காய்க்கா பஞ்சம்? ஹாலோவீனுக்காக ரோட்டோரம் மலை மலையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றை வாங்கி, மேலே ஓட்டை போட்டுக் குங்குமம் கொட்டி, சூடம் ஏற்றிச் சுற்றி, வாசலில் போட்டு உடைத்தேன். டிராக்டரில் போய்க்கொண்டிருந்த பக்கத்து விவசாயி நிறுத்திவிட்டார். அவர்கள் கண்ணும் மூக்கும் செதுக்கி விளக்கு வைப்பதை நான் முழுத் தெம்போடு தரையில் ஓங்கிப் போட்டதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், மறுநாள் இன்னும் ரெண்டு பரங்கிக்காயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

குளிரைப் பற்றி ஊரில் எல்லோரும் கேட்பார்கள். குளிர் ஒன்றும் செய்வதில்லை, கொல்வது ஏப்ரல். குளிர்காலம் முழுக்க இரும்பு சில்லிட்டுக் கிடக்கும், திடீரென்று ஒருநாள் வெளியே இதமாக ஈரக்காற்று வீசும், ஆசையாகக் கதவைத் திறப்போம். அந்தக் காற்று உள்ளே வந்து லேத்தைத் தொட்டதும் இரும்பு முழுக்க வியர்க்கும். லேத்தின் அடித்தளமான பெட்டின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர், ஸ்கேலின் எண்கள் மேல், இரும்பைப் பிடிக்கும் சக்கின் தாடைகளுக்கு இடையில். துடைக்காமல் விட்டால் சாயங்காலம் விரலில் தேய்த்துப் பார்க்கும்போது செம்மண் ஒட்டும். ஆகவே குளிர்காலத்தில் எப்போதும் பத்து டிகிரிக்குக் கீழே போகாமல் ஹீட்டர், கதவுக்கு ரப்பர், வசந்தம் வந்தால் சாத்திக்கொள்வது. ஊர் முழுக்க ஜன்னலைத் திறக்கும் நாளில் நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எண்ணெய் தடவுவேன். துடைப்பதற்கு மில் வேஸ்ட் பஞ்சு ஒரு மூட்டை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இங்கே அட்டைப் பெட்டியில் மடித்து வைத்த துணியை விலைக்கு வாங்கி அழுக்காக்க மனசு வரவில்லை.

இப்போது எல்லாம் செட்டாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வேலையும் வருகிறது, பக்கத்துப் பண்ணைகளின் ஷாஃப்ட், புஷ், உடைந்த கியர். நட்டுபோல்ட்டைக் கிலோக் கணக்கில் அள்ளி வந்தவன் நாலே நாலு நட்டுள்ள பிளாஸ்டிக் பாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கவும் பழகிவிட்டேன். ஆனால் டிரில் பிட் உடைந்தால், யோசிக்காமல் வாசல் பக்கம் திரும்பி "அண்ணா, ஆறு நூல் பிட்டு ஒண்ணு இருக்குங்களா?" என்று கேட்க வாய் வருகிறது. வாசலுக்கு வெளியே சோளக்காடு. பத்து மணிக்கு யாரும் டீ கிளாஸைச் செருகிய கம்பிக் கூடையோடு வருவதில்லை. நானே வீட்டுக்கு நடந்து, பூட்ஸைக் கழற்றி, டீ போட்டு, மறுபடி பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தால் பாதி ஆறிவிடுகிறது. அப்பா பட்டறையில் கையை நீட்டினால் ஸ்பேனர் வரும், இங்கே ஸ்பேனர் இருக்கும் மேஜைக்கு நடக்க வேண்டும். இவ்வளவு இடம் வேண்டும் என்று ஏங்கியது நான்தான், ஆனாலும் லேத், டிரில்லிங் மிஷின், மேஜை எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டே வந்து இப்போது பார்த்தால் ஏறக்குறைய பன்னிரண்டுக்கு இருபதில்தான் வேலை நடக்கிறது. மீதி இடத்தில் மகள் சைக்கிள் ஓட்டுகிறாள்.

போன வாரம் அப்பாவுக்கு வீடியோவில் லேத்தை ஓட்டிக் காட்டினேன். ஜாப்பை மாட்டி ஒரு வெட்டு எடுத்ததை உற்றுப் பார்த்தார், சுருள் நன்றாக வருகிறது என்று தலையாட்டினார். அப்புறம் லேத்தை நிறுத்தினேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டார், திரையில் அவர் காது மட்டும் தெரிந்தது.

"நிறுத்தியாச்சா?"

"நிறுத்தியாச்சுங்கப்பா."

"பின்ன என்னமோ ஓடுதே?"

"அது கன்வெர்ட்டர் மோட்டாருங்கப்பா. கரண்ட்டு குடுக்கறதுக்காகச் சுத்துது."

"வேலை ஒண்ணும் இல்லாமயா சுத்துது?"

"ஆமாங்க, சும்மாதான் சுத்தும்."

"சும்மா சுத்தறதுக்கு ஒரு மோட்டாரா? மொதல்ல அத ஆஃப் பண்ணு, பில்லு எவன் கட்டறது?"