‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா? – ஐபிபிஎஸ் பிஓ இங்கிலீஷ் அனுபவம்

பேங்க் ஆபீசர் வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ தேர்வின் ஃபைனல் ரிசல்ட் நேற்று வந்தது. மூன்றாவது அட்டெம்ப்ட்டில் என் நம்பரும் இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் கண்ணீர் நிற்கவில்லை. எல்லாம் மறந்துபோகும் முன்னே எழுதிவிடுகிறேன். குவான்ட் (கணக்கு), ரீசனிங் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அவை எனக்கு ஒருபோதும் பிரச்சினை இல்லை. இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தது ப்ரிலிம்ஸ் என்ற முதல்கட்டத் தேர்வின் இங்கிலீஷ் செக்ஷனல் கட்-ஆஃப்தான், அதாவது அந்தப் பகுதியில் மட்டும் எடுத்தே ஆகவேண்டிய குறைந்தபட்ச மார்க்.

இரண்டாவது முறை போனது முக்கால் மார்க்கில். ஆர்.சி.யில் (பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் பகுதி) சிலிக்கான் வேலி பேங்க் என்ற அமெரிக்க பேங்க் விழுந்த கதை. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் டெபாசிட்தாரர்கள் 4,200 கோடி டாலரைத் திரும்பக் கேட்டார்கள், மறுநாளே பேங்க் மூடப்பட்டது. பேப்பரில் ஏற்கெனவே படித்த சங்கதிதான். ‘எ ரன் ஆன் தி பேங்க்’ என்று வந்த இடத்தில் ‘ரன்’னுக்கு மட்டும் பொருள் கேட்டிருந்தார்கள். நான் ‘நிர்வாகம்’ என்று பொருள்படும் ஆப்ஷனைப் போட்டேன்.

‘ரன் எ பேங்க்’ என்றால் பேங்க்கை நடத்துவது. நடுவில் ஒரு ‘ஆன்’ நுழைந்தால், பணத்தை எடுக்க ஜனங்கள் முண்டியடிப்பது. பேங்க் வேலைக்கு எழுதுகிற எனக்கு அது தெரியவில்லை. சரியாகப் போட்டிருந்தால், தப்புக்குக் கழிக்கிற கால் மார்க் நெகட்டிவும் இல்லாமல் ஒன்றேகால் மார்க் கூடியிருக்கும். ஒரு வருஷம் போனது. நான் படித்த கோச்சிங் சென்டரில் கொடுத்த லிஸ்ட்டில் மூவாயிரம் வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொருள். ராத்திரி பகலாக அதை மனப்பாடம் செய்தேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் ‘ரன்’னுக்கு வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’தான் முதலிடம், 430. மெஷினும் கம்ப்யூட்டரும் வந்து ‘ரன்’னை மேலே கொண்டுபோய்விட்டன. 645-ஐ யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது என்று தெரிந்த அன்றுதான் எனக்கு நிம்மதி வந்தது.

அப்போதுதான் நம் ‘ஓடு’ நினைவுக்கு வந்தது. பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது. இதற்கெல்லாம் இங்கிலீஷிலும் ‘ரன்’தான். இந்தப் பாதியைப் படிக்கவே வேண்டாம், ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. தமிழ் எங்கே வேறு சொல்லுக்குப் போகிறதோ, அதை மட்டும் நோட்டில் எழுதினேன். அங்கே மூக்கும் ‘ரன்’ ஆகும், நமக்கு ஒழுகும். சட்டையில் சாயம் போகும். கிணறு வற்றும். காய்ச்சல் அடிக்கும். தேர்தலில் நாம் நிற்கிறோம்; அமெரிக்கர்கள் ‘ரன்’ செய்கிறார்கள், பிரிட்டனில் நம்மைப் போலவே ‘ஸ்டாண்ட்’. கடையை நாம் ‘நடத்துகிறோம்’, அந்தச் சொல்லுக்குள் ‘நட’ இருக்கிறது. அவர்கள் ஓட்டுவதை நாம் நடக்க வைக்கிறோம்! இப்படி எழுதிய எதுவும் எனக்கு மறக்கவில்லை.

பக்கத்து வார்த்தையைப் பாருங்கள். என் ஒரே உத்தி இதுதான்:

- ‘ரன் இன்டூ’: ஆள் வந்தால் எதிர்பாராமல் சந்திப்பது, கடன் வந்தால் மாட்டிக்கொள்வது, தொகை வந்தால் லட்சம் கோடி என்று எட்டுவது
- ‘ரன் அப்’: பில்லை, கடனை ஏற்றிக்கொண்டே போவது
- ‘ரன் அவுட் ஆஃப்’: தீர்ந்துபோவது (கிரிக்கெட்டை மறந்துவிடுங்கள்)
- ‘ரன் டவுன்’: ஆளை மட்டம் தட்டுவது, வண்டியால் மோதுவது, பேட்டரி தீர்வது; கட்டடத்துக்கு முன்னால் வந்தால் பாழடைந்தது
- ‘ரன் ஓவர்’: வண்டி ஏறுவது, அல்லது மீட்டிங் நேரம் தாண்டுவது
- ‘இன் தி லாங் ரன்’: காலப்போக்கில்

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம், ஒரு நாளைக்கு ஒரு சொல். டேக், செட், டிரா, பேர், சார்ஜ், இன்டரெஸ்ட், ஸ்டாண்ட் என்று நாற்பது சொற்களுக்கு மேல் போகவில்லை. வாக்கியத்தோடு எழுதுங்கள், தனி வார்த்தையாக வேண்டாம். மாவட்ட நூலகத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேப்பரின் வணிகப் பக்கத்தில் அன்றைய சொல்லைத் தேடுவேன். கிடைத்த வரியை அப்படியே நோட்டில் இறக்குவேன். கூட்டமாகப் படிப்பவர்களுக்கு இது சரிவராமல் போகலாம், நான் தனியாகப் படிக்கிற ஆள்.

ஒரு சொல்லைக் கொடுத்து, எந்த வாக்கியங்களில் சரியாக வந்திருக்கிறது என்று கேட்கிற வகை வரும் இல்லையா, முன்பெல்லாம் அதைத் தொடாமல் விடுவேன். இந்த முறை மெயின்ஸில் முதலில் அதைத்தான் போட்டேன். ஆர்.சி.யிலும் சொல்லுக்குப் பொருள் கேட்டால், பத்தியை முழுசாகப் படிக்கும் முன் அந்தச் சொல் இருக்கும் வரியையும் அதற்கு முந்தைய வரியையும் படித்துவிடுங்கள். ஆப்ஷன்களை அதற்கப்புறம் பாருங்கள். முதலிலேயே பார்த்தால் மனசு பழகிய பொருளுக்குப் போய்விடும், எனக்கு அப்படித்தான் போனது.

தம்பி இந்த வருஷம் கிளார்க் எழுதுகிறான். நோட்டு இப்போது அவனிடம்.