ஆயிரத்தில் ஒரு பங்காகத் தெப்பக்குளம்

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். அடிப்பலகையும் நான்கு கரைகளும் முடிந்துவிட்டன. மைய மண்டபம் பாக்கி. வெட்டுவதையும் ஒட்டுவதையும்விட அளவு போடுவதுதான் இதில் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. பள்ளியில் வாய்பாடாக ஒப்பித்த மீட்டரும் மில்லிமீட்டரும் இப்போதுதான் கைக்குப் பழகியிருக்கின்றன.

குளத்தின் அளவை எல்லாரும் அடியில்தான் சொல்கிறார்கள்: நீளம் 1000 அடி, அகலம் 950 அடி. ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று 1959-இல் நாடுகள் சில கூடி ஒப்புக்கொண்டன. அப்படியானால் ஓர் அடி 304.8 மில்லிமீட்டர். 1000 அடிக்கு 304.8 மீட்டர், 950 அடிக்கு 289.56 மீட்டர். சொல்லப்படும் அளவே உத்தேசம் என்பதால் தசமங்களைத் துரத்தாமல் 305, 290 என்று வைத்துக்கொண்டேன்.

விகிதத்தை 1:1000 என்று வைத்ததும் வேலை பாதியாகக் குறைந்தது. நிஜத்தில் எத்தனை மீட்டரோ, அட்டையில் அத்தனை மில்லிமீட்டர். 290 மீட்டருக்கு 290 மில்லிமீட்டர், கணக்கே கிடையாது. இதையே அடியில் செய்து பாருங்கள். 950 அடி 0.95 அடியாகும். 12-ஆல் பெருக்கினால் 11.4 அங்குலம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் நூல்; மிச்சமுள்ள 0.4 அங்குலத்தை எட்டால் பெருக்கி நூலாக்கினால் 3.2 நூல். அந்த 0.2 நூலை டேப்பில் எங்கே போய்க் குறிப்பது?

ஆனால் பழகிய கைக்கு இரண்டும் ஒன்றுதான். அடிப்பலகைக்காகப் பட்டறையில் 12 எம்.எம். பிளைவுட் கேட்டேன். "என்ன அளவு தம்பி?" என்றார் ஆசாரி. "400-க்கு 380 எம்.எம். அண்ணே" என்றேன். டேப்பைப் பார்த்த மாத்திரத்தில், "பதினைந்தே முக்காலுக்குப் பதினைந்து" என்று சொல்லிவிட்டுக் கோடு போட்டார். முழுப் பலகையை எட்டுக்கு நாலு அடி என்றும் அதன் கனத்தை எம்.எம்.மிலும் சொல்லியே விற்கும் தொழில் அவருடையது.

என் வரைபடத்தில் சென்டிமீட்டரை அறவே விலக்கிவிட்டேன். எல்லாம் மில்லிமீட்டர்தான். ஒரே தாளில் 29-உம் 290-உம் கலந்து கிடந்தால் எது எந்த அலகு என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கும்.

படிகள்தான் சவால். ஒரு படியின் உயரம் 20 சென்டிமீட்டர் என்று கொண்டால் மாதிரியில் அது 0.2 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய பொருளை எப்படி அளப்பது? 500 தாள் கொண்ட ஏ4 கட்டை ஸ்கேலில் வைத்தேன். 50 மில்லிமீட்டர் இருந்தது. ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர். ஆக, ஒரு படிக்கு இரண்டு தாள்! படியின் அகலத்தை மட்டும் விகிதத்தை மீறி 1 மில்லிமீட்டராக வைத்திருக்கிறேன். அதற்குக் குறைவாகக் கட்டர் வெட்டாது.

பெரிய அலகையும் இதே குளம்தான் எனக்குப் புரிய வைத்தது. 1790-களில் பிரான்சில், வடதுருவத்திலிருந்து பாரிஸ் வழியாக நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கை மீட்டர் என்று வகுத்தார்கள். ஒரு கோடி மீட்டர் என்றால் 10,000 கிலோமீட்டர். அதை 90 பாகைக்குப் பங்கிட்டால் பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. நிலநடுக்கோடு நமக்குத் தெற்கே 1100 கிலோமீட்டர் தொலைவில்! அதையும் ஆயிரத்தில் ஒரு பங்காக்கினால் 1.1 கிலோமீட்டர். நிஜக் குளத்தின் சுற்றளவு 1190 மீட்டர், அதாவது 1.19 கிலோமீட்டர். காலையில் கரையை ஒரு சுற்று நடந்தால், என் அட்டைக் குளத்தின் உலகில் நிலநடுக்கோட்டைத் தாண்டிவிடலாம்.

மண்டபத்துக்குத் தண்ணீரைத் தாண்டி டேப் பிடிக்க வழியில்லை. செயற்கைக்கோள் படத்தை ஏ3 தாளில் அச்சிடக் கொடுத்திருக்கிறேன். தாள் 420-க்கு 297 மில்லிமீட்டர். குளம் 305-க்கு 290 என்று அதற்குள் அடங்கும். நீளக் கரை சரியாக 305 வந்துவிட்டால், மண்டபத்தின் அளவை ஸ்கேல் வைத்து நேரடியாக எடுத்துக்கொள்ளலாம்.